இரண்டு பேருக்கு இரண்டு சபை

உத்தனப்பள்ளிக்குக் கிழக்கே, பஸ் நிற்காமல் போகும் எங்கள் ஊரில் அப்போது கிறிஸ்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். சபைகளும் இரண்டு. ஆளுக்கு ஒன்று. சண்டை போட ஆள் குறைவாக இருக்கிறதே என்று அவர்கள் ஒருநாளும் மனம் தளர்ந்ததில்லை.

காந்தி செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்களெல்லாம் சேலம் ஜில்லாக்காரர்கள். ஓசூரில் மில்லும் கிடையாது, பாக்டரியும் கிடையாது, குளிர் மட்டும் உண்டு. அந்தக் காலத்துக் குளிரைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. மார்கழியில் எங்கள் பசு நேராகத் தயிராகவே கறக்கும். மோர் வேண்டுமென்றால் மாட்டைக் கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கறக்க வேண்டும். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

அந்த இரண்டு பேரில் ஒருவர் ராயப்பன். எலத்தகிரிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். வெங்கடப்பக் கவுடர் தோட்டத்தில் கவலை ஓட்டுவதற்காகப் பெண்டாட்டியோடு வந்தவர். மற்றவர் கங்கப்பன். உள்ளூர்க்காரர்தான். இளவட்டத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஓடிப்போய், தலை நரைத்துத் திரும்பி வந்தார். தங்கம் ஏதாவது கொண்டுவந்திருக்கிறாரா என்று ஊரே வாசலில் கூடி நின்றது. அவர் இருமிக் காட்டினார். அதுதான் சம்பாத்தியம். கூடவே ஒரு புதுச் சாமியும் வந்திருந்தது. அங்கே ஞானஸ்நானம் கொடுத்துத் தானியேல் என்று பெயர் வைத்தார்களாம். ஊருக்கு அவர் கங்கப்பன்தான். பெண்டாட்டி மகனோடு கோலாரிலேயே தங்கிவிட்டாள். ஊர்க் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் இவர் மட்டும் வந்து, செத்துப்போன அண்ணன் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

முதலில் ராயப்பண்ணன் கவலை ஓட்டிய கதையைச் சொல்ல வேண்டும்.

கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் மேலே வந்து தொட்டியில் கொட்டும். பின்னால் ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் போகும். ராயப்பண்ணன் வடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு இறங்குவார். மற்ற ஊர்களில் கவலைக்காரர்கள் தெருக்கூத்துப் பாட்டெல்லாம் பாடுவார்கள். இவர் ஜெபமாலை சொல்லுவார். பாட்டு மாதிரி இல்லை. உதட்டுக்குள்ளேயே. பக்கத்தில் நிற்கிற மாட்டுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும்.

வேதக்காரர்களுடைய அந்த ஜெபம் இரண்டு பாதி. முதல் பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை இன்னொருவர் சொல்ல வேண்டும். மாடு இறங்கும்போது இவர் முதல் பாதியைச் சொல்லி முடிப்பார். சால் கொட்டும். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, தூரத்தில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டு நிற்கிற அவர் சம்சாரம் பெரியநாயகத்தின் காலைத் தொடும். அந்தம்மா உடனே பின்பாதியைச் சொல்லும். இவர் சொன்னது அதற்குக் கேட்டிருக்காது. கேட்க வேண்டியதும் இல்லை. தண்ணீர் வந்துவிட்டால் அவர் முடித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குள் மாடு பின்னேறிவிடும். அடுத்த சால், அடுத்த மணி.

அப்படி ஜெபம் சொல்லிப் பாய்ச்சின தோட்டம் அது. கவுடர் தோட்டத்துப் பூசணிக்காயை யாராலும் தூக்க முடியாது. ஒருதரம் மேட்டிலிருந்து உருட்டிவிட்டோம். ராயக்கோட்டைச் சந்தையில்தான் நின்றது.

பெரியநாயகத்துக்கு ஒரு ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. ராயக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் அந்தம்மா செத்துப்போய்விட்டது. பிள்ளைகுட்டி கிடையாது. மடை திருப்பக் கவுடர் என்னைப் போட்டார்.

முதல் நாள் மாடு இறங்கியது. சால் கொட்டியது. தண்ணீர் என் காலைத் தொட்டது. நான் பாத்தியைத் திறந்துவிட்டு நின்றேன். அடுத்த சால் வரவேயில்லை. போய்ப் பார்த்தால், சரிவின் அடியில் மாடுகளை நிறுத்திவிட்டு வடத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏண்ணா, வடம் அறுந்துபோச்சா?"

"இல்ல திம்மராயா." வாய்க்கால் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "பதில் வரல."

"நீங்களே அதையும் சொல்லிக்கறதுதானே?"

"சொல்லிக்கலாம். தப்பில்லன்னு எங்க கோயில் சாமியாரே சொல்லியிருக்காரு. ஆனா எனக்கு வரமாட்டேங்குது. பாதி சொன்னதும் வாய் தானா நின்னுடுது. அவ உத்திரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகறாளோ என்னமோ. நான் சொல்ற ஜெபம் பாதிப் பாதியா போய்ச் சேந்தா அவளுக்கு என்னா பிரயோசனம்?"

உத்திரிக்கிற ஸ்தலம் என்பது நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு ஊராம். இங்கே இருப்பவர்கள் ஜெபம் சொல்லி அனுப்பினால்தான் அங்கே இருப்பவர்களுக்கு மேலே போக வண்டி கிடைக்குமாம். அவர் அதை நம்பினார். பெரியநாயகம் வண்டி கிடைக்காமல் நிற்பதாகவே நினைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணா, நான் சொல்றேன்" என்றேன். சொல்லிக் கொடுத்தார். நன்றாகத்தான் போனது. ஆனால் நாங்கள் வருஷா வருஷம் திருப்பதிக்கு நடக்கிறவர்கள். முன்னால் ஒருத்தன் ஏதாவது சொல்லி நிறுத்தினால் பின்னால் நம் வாய் என்ன சொல்லும்? பத்தாவது சாலிலோ என்னவோ, தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் நான் அடிவயிற்றிலிருந்து "கோவிந்தா!" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேணாம் திம்மராயா. அவ பயந்துக்குவா" என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை. தினமும் முதல் பாதியைச் சொல்லுவார், நிறுத்துவார், சால் கொட்டும், மாடு பின்னேறும். பின்பாதிக்கு உள்ள நேரத்தைச் சும்மாவே விட்டு வைத்திருந்தார், விருந்தாளிக்கு இலை போட்டு வைத்த மாதிரி.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் கங்கப்பன்.

கங்கப்பனுடைய வீடு கவுடர் தோட்டத்து வேலியை ஒட்டி. கிழக்கு வெளுக்கும்போதே தொடங்கிவிடுவார். கையைத் தட்டுவார் பாருங்கள், பாறைக்கு வெடி வைத்த மாதிரி இருக்கும். அவர் வந்த வருஷத்திலிருந்து ஊரில் சேவல்கள் கூவுவதை நிறுத்திக்கொண்டன. கவுடர் புளியம்பழம் உலுக்கக் கூலி கொடுப்பதை நிறுத்திவிட்டார். இவருடைய ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஒரு கூடை விழுந்தது.

அவரே கட்டின பாட்டு ஒன்று. முதல் அடியைச் சொல்லித் தட்டுவார், பதிலையும் அவரே சொல்லித் தட்டுவார்.

"குழியில கெடந்தேன்!"

"தூக்கிட்டாரு!"

"இருட்டுல கெடந்தேன்!"

"தூக்கிட்டாரு!"

ராயப்பண்ணனுக்கு இது வேலியில் கிடக்கிற முள் மாதிரி. "பாருடா, கேள்வியும் அவனே, பதிலும் அவனே. குடிகாரன்தான் இப்பிடித் தனக்குத்தானே பேசிக்குவான். சர்வேசுரனுக்கு என்ன, காது மந்தமா?" என்பார். நான் பாத்தியிலிருந்து போகிற வழியில் அதை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அங்கிருந்து பதில் வரும். இரண்டு பக்கமும் நான்தான் தபால்காரன். நடுவில் நாலு வார்த்தை என் கையிலிருந்தும் போட்டிருப்பேன். வெறும் கையோடு போகக்கூடாதல்லவா?

"ஏமிரா திம்மராயா, உங்க அண்ணன் சாமி என்ன தூங்குதா? எழுப்பிடுவோமோன்னு பயந்து முனகறாரே! மணியை உருட்டினா சாமி வருமா? பாசிமணி உருட்டறது வளையல் செட்டியார் வேலை."

"மாதா ஜெபமாலையைப் பத்திப் பேசினா பல்லு இருக்காதுன்னு சொல்லு!"

"பல்லு ஏற்கெனவே கோலார்ல குடுத்துட்டு வந்துட்டேன்னு சொல்லு!"

களத்து மேட்டில் கூலி வேலை செய்கிற மாரம்மாவுக்கு இரண்டு பேர்மேலும் காட்டம். கங்கப்பன்மேல் கொஞ்சம் அதிகம். "ராவெல்லாம் இடுப்பு வலி. வெடியல்ல சித்தநாழி கண்ணசந்தா இந்தக் கட்டையில போறவன் கையத் தட்டறான். இவன் சாமி இவனை எப்பத்தான் தூக்கும்?" என்று தினமும் தெருவில் நின்று கேட்பாள். அப்படிக் கேட்டுக்கொண்டே கேழ்வரகு புடைப்பாள். முறம் அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் போகும். அது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் ஐப்பசி. தூறல் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டது, பாத்தி நனைகிற அளவுக்கு இல்லை. ஒருநாள் விடிந்தது, சத்தம் இல்லை. ஊரே நேரம் போய் எழுந்தது. கவுடர் வீட்டில் பால் கறக்கவில்லை. ராயப்பண்ணன் அன்றைக்கு மாட்டை இரண்டு தரம் தப்பாகப் பூட்டினார்.

"நிம்மதியா இருக்கில்லண்ணா?" என்றேன்.

"ம்."

ஒரு சால். இன்னொரு சால். மாட்டை நிறுத்தினார். "ஏன்டா சத்தம் காணோம்?"

"ஊருக்குப் போயிட்டாரோ என்னமோ."

"போனா தாளு போட்டிருக்கும். கதவு தெறந்து கெடக்குது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

மாட்டை என்னிடம் விட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். வேலியில் வழி கிடையாது. கள்ளியை மிதித்துக்கொண்டு போனார். நானும் மாட்டை மரத்தில் கட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். தபால்காரன் இல்லாமல் அவர்களுக்குப் பேச வருமோ வராதோ.

கங்கப்பன் கோணியின்மேல் படுத்திருந்தார். மூச்சு பழைய துருத்தி மாதிரி இழுத்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. ரோமாபுரியே வந்துட்டுது."

"பேசாதய்யா. சாப்பிட்டியா?"

"முந்தாநாள்."

ராயப்பண்ணன் வீட்டுக்குப் போய்க் களியும் கொள்ளு ரசமும் கொண்டுவந்தார். களியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி ரசத்தில் தோய்த்துக் கொடுத்தார். கங்கப்பன் கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஸ்தோத்திரம் சொன்னார். சத்தமே வரவில்லை.

"இப்பத்தான் மனுசன் மாதிரி ஜெபம் பண்றே" என்றார் ராயப்பண்ணன்.

கங்கப்பனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

அன்றிலிருந்து மத்தியானச் சோறு இரண்டு பேருக்கு ஆக்கினார் ராயப்பண்ணன். சண்டை நிற்கவில்லை. நான் நடுவில் ஓட வேண்டிய வேலை மட்டும் நின்றது.

"ஏன்யா, அந்தக் கையத்தான் ஏன் அப்பிடித் தட்டறே? வாயில பாடு, வேணாங்கல. தட்டறது எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

கங்கப்பன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "கீழ, சுரங்கத்துல, சிலநாள் வெளக்கு அணைஞ்சுபோகும். கண்ணைத் தெறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். கத்தினா எதிரொலிச்சு எந்தப் பக்கம்னு தெரியாது. கையத் தட்டுவோம். தட்டினா, அந்தாண்ட இருக்கறவன் ஒருத்தன் திருப்பித் தட்டுவான். அப்பறந்தான் உசுரு வரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சபையில மொதநாள் போறேன், எல்லாரும் தட்டறாங்க. அழுதுட்டேன் ராயப்பா. இங்க வந்தும் தட்டறேன். ஒருத்தனும் திருப்பித் தட்டல. சரி, நானே தட்டிக்கறேன்."

ராயப்பண்ணன் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு வந்து கதவோரம் நின்றார்.

"கங்கப்பா. ஒண்ணு கேக்கறேன். பெரியநாயகத்துக்கு வருஷ நாள் வருது. ஜெபமாலை சொல்லணும். பின்பாதி சொல்ல ஆளில்ல. நீ வேதம் தெரிஞ்சவன். சும்மா வாயால சொன்னாப் போதும்."

கங்கப்பன் ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்கிற முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"சொல்லமாட்டேன் ராயப்பா. நீ போட்ட சோத்தைத் தின்னுட்டு இப்பிடிச் சொல்றேனேன்னு நெனைக்காதே. எனக்கு நம்பிக்கை இல்லாததை வாயால சொல்லி அனுப்பினா, அது உன் சம்சாரத்துக்குப் போய்ச் சேருமா? கள்ள நோட்டு மாதிரி திரும்பி வந்துடும். ஆனா நீ சொல்லு. நான் இங்கயே படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒண்ணும் பேசமாட்டேன்."

வருஷ நாள் அன்றைக்கு அந்த வீட்டில்தான் சொன்னார். முதல் பாதி. நிறுத்தம். முதல் பாதி. நிறுத்தம். அந்த நிறுத்தங்களில் கங்கப்பனுடைய மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சொன்னபடி கிண்டல் ஏதும் பண்ணவில்லை. கடைசி மணி முடிந்ததும் சொன்னார்: "நல்லா இருந்துச்சு. கொஞ்சம் சத்தமா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

"ஒன் வேலையப் பாரு."

"என் வேலை ஒண்ணு இருக்கு. நான் போனா, கோலார்ல இருந்து பாஸ்டரு வந்தா சரி. வரலேன்னா நீதான். உன் மெழுகுவத்தி, தீர்த்தம் ஒண்ணும் வேணாம். கையத் தட்டிப் பாடி அனுப்பு."

"அது என்னால ஆகாது" என்றார் ராயப்பண்ணன். "எங்க சபையில அது பாவம். வேற சபைக்காரன் ஜெபத்துல சேந்துக்கறது. சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும். அதுவுமில்லாம, ஊரு முன்னால நானு? கையத் தட்டிக்கிட்டா?"

"சரி விடு" என்றார் கங்கப்பன்.

மழை வலுத்த ஒரு காலையில் அவர் போய்விட்டார். ராயப்பண்ணன் களியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

உத்தனப்பள்ளி தபாலாபீசிலிருந்து கோலாருக்குத் தந்தி கொடுத்தோம். கெலவரப்பள்ளிப் பக்கம் ஆற்றில் அப்போது அணை ஏது? வெள்ளம் இரு கரையும் போனது. அந்தண்டை பஸ் அந்தண்டையே நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். மறுநாள் மத்தியானம்வரை வைத்துப் பார்த்தோம். மகனும் வரவில்லை, பாஸ்டரும் வரவில்லை. இனித் தாங்காது என்று கவுடர் சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையில் குழி வெட்டினோம். தூறலில் ஊரே நின்றது. தலைக்குக் கோணிச் சாக்கு. தப்பு அடிக்கிறவர்களை வேண்டாம் என்று ராயப்பண்ணன் அனுப்பிவிட்டார். உடம்பைக் குழியில் இறக்கினோம். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த ஊரில் மிச்சமிருந்த கிறிஸ்தவர் அவர் ஒருத்தர்தான்.

அவர் மடியில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு சின்ன சீசாவில் தீர்த்தமும் இருந்தது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிந்துகொண்டதைப் பார்த்தேன். அந்தத் தீர்த்தம் இல்லாமல் போனால் கங்கப்பனுக்கு அங்கே என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அவருக்குத் தெரிந்த ஜெபத்தை உதட்டுக்குள் சொல்லி, நாலு சொட்டுத் தெளித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? செத்தவரா கேட்பார்? கை மடிக்குப் போனது. சீசாவைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"ஆகட்டும் ராயப்பா, மண்ணு சரியுது" என்றார் கவுடர்.

அவர் கையை வெளியே எடுத்தார். வெறுங்கை. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டார், யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி. பிறகு தட்டினார். கம்பங்கொல்லையில் கிளி ஓட்டுகிறவன் தட்டுகிற மாதிரி, முன்னும் பின்னுமாக, தாளமில்லாமல். இரண்டு பிள்ளைகள் சிரித்தன. அவர் காது சிவந்துபோனது.

"குழியில கெடந்தேன்" என்றார். முன்னால் நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

வாழ்நாளெல்லாம் பாதி சொல்லிப் பழகின மனிதர். நிறுத்தினார். பதிலையும் அவரே சொல்லவேண்டும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை. கங்கப்பன் ஆளில்லாமல் சொல்லிக்கொண்டதை இவர் ஆள் இருப்பது மாதிரி விட்டுவிட்டு நின்றார். தூறல் சாக்கின்மேல் விழுகிற சத்தம் மட்டும்.

"தூக்கிட்டாரு" என்றது ஒரு குரல்.

மாரம்மா. கோணியைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றாள். "என்னா பாக்கறீங்க? ரெண்டு வருஷமா தூங்கவிடாம சொல்லிக் குடுத்தான். எனக்குத் தெரியாதா? நீ சொல்லு சாமி."

ராயப்பண்ணன் தட்டினார். "இருட்டுல கெடந்தேன்."

இந்தத் தடவை நான் சொன்னேன், கவுடர் சொன்னார், தப்புக்காரர்கள் தூரத்திலிருந்தே திரும்பி வந்து சொன்னார்கள். அந்தப் பாட்டு தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. விரும்பிக் கற்றுக்கொண்டவர் ஒருத்தரும் இல்லை. முந்நூறு பேர் ஈரக் கையால் தட்டி "தூக்கிட்டாரு!" என்றோம். ஏரித் தண்ணீர் கரையை விட்டு ஒரு முழம் பின்வாங்கியது. அதை நான் பார்த்தேன்.

ராயப்பண்ணன் பார்க்கவில்லை. பதில் வந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தவர், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுத்த அடியைச் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. அடுத்ததை இன்னும் சத்தமாக. கங்கப்பனுடைய பாட்டில் இருந்த அடிகள் தீர்ந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. கிணத்துல கெடந்தேன் என்றார், காய்ச்சல்ல கெடந்தேன் என்றார், தனியா கெடந்தேன் என்றார். எல்லாவற்றுக்கும் நாங்கள் பதில் சொன்னோம். அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. மழையில் நனைந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை.

மண்ணைத் தள்ளி மூடினோம். எல்லாரும் கலைந்தார்கள். அவர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேலியோரமாகத் தனியாக நடந்து போனார்.

மாதக் கடைசியில் அவரை மத்திகிரிக் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப்போனேன். பூசைக்கு முன்னால் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது வழக்கம். நான் வெளியே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பூசை முடிந்து வண்டி ஏறி, ஊர் எல்லை தாண்டும்வரை நானும் அடக்கிக்கொண்டு வந்தேன். முடியவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாண்ணா?"

"ஒண்ணு விடாம சொன்னேன். மாட்டை வைதது, கவுடர் வரப்புல புல்லு அறுத்தது, பொறாமைப்பட்டது, எல்லாம்."

"கங்கப்பன் குழிக்கிட்ட கையத் தட்டினது?"

ராயப்பண்ணன் துண்டை உதறிக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது.

"அவரு பாவத்தைத்தானே கேட்டாரு" என்றார்.